காக்கைச் சோறும் பக்கத்து வீட்டுக் கோழிகளும்

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஓர் அக்கா, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். தலைப்பிரசவத்துக்கு வரவிருந்த மகளுக்குச் சூப்பு வைக்கவென்றே நாட்டுக்கோழி வளர்த்தார்.

இந்தப் பக்கம் நான். எங்களிடமும் ஒரு கோழி இருந்தது. இரண்டு நாள் பச்சையாகக் கழிந்து, தலை தொங்கி, செத்தது. ஆழமாகப் புதைக்கச் சொன்னாள் மனைவி. மண்வெட்டி கிடையாது; அக்காவிடம் இரவல் கேட்கச் சோம்பல். ஏரிக்கரை முள்ளில் வீசிவிட்டு வந்து, புதைத்தாயிற்று என்றேன்.

அடுத்து வந்த அமாவாசைக்குச் சுவர்மேல் சோறு வைத்தோம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. ஆனால் என் அப்பா சாப்பாட்டு விஷயத்தில் கோபக்காரர். காக்கைகள் ஏரிப் பக்கமிருந்து வந்து தின்றன. அவை சிந்தியதை அக்காவின் கோழிகள் பொறுக்கின.

சில நாளில் அக்காவின் கோழிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"சார், படிச்சவரு நீங்க, கூட வாங்க" என்றார். ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் ஜெபம் சொன்னார்.

கால்நடை மருத்துவர் பார்த்தார். "கோழிக் காலரா. பாக்டீரியாம்மா. செத்த கோழிய எவனாவது வெளிய வீசியிருப்பான். அதக் கொத்தின காக்கா உங்க வாசல்ல வந்து வாய் வச்சா ஒட்டிக்கும்."

"எந்தப் புண்ணியவான் சார் அப்படிப் போட்டிருப்பான்?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"சிலருக்கு அறிவே கிடையாதுங்க்கா" என்றேன். இவ்வளவு உண்மையான வாக்கியத்தை நான் அதற்குமுன் சொன்னதில்லை.

மருந்தில் மூன்று பிழைத்தன. மகள் வந்தாள், பிள்ளை பிறந்தது. சுவருக்கு மேலே ஒரு தூக்கு நீண்டது.

"சூப்பு சார். நீங்க ஜல்தியா இட்டுக்கினு போவலைன்னா எம்பொண்ணுக்கு ஏது இது? மொத பங்கு உங்களுக்குத்தான்."

குடித்தேன். மிளகு தூக்கலாக, அருமையாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எலும்புக்காகச் சுவரில் ஒரு காக்கை காத்திருந்தது. நான் அக்காவிடம் மண்வெட்டி வாங்கி வந்து, எலும்பைப் புதைக்கக் குழி தோண்டத் தொடங்கினேன். மனைவி வந்து மண்வெட்டியைப் பார்த்தாள்.

"நம்மகிட்டதான் மண்வெட்டி இல்லியே. அப்ப அந்தக் கோழிக்கு எதால குழி தோண்டினீங்க?"

"மெல்லப் பேசு" என்றேன்.