மூன்றாவது டிரம்பெட்டுக்கு எட்டு பார்

பல்செட் அண்ணனுக்குப் பகலெல்லாம் பல் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, ஊரார் மெல்லுவதற்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பார். மாலையில் எங்கள் ஜாஸ் குழுவில் மூன்றாவது டிரம்பெட். இரண்டாவது நான். பதினேழு பேர் ஊதித் தட்டும் கூட்டத்தில் மூன்றாவது டிரம்பெட்டை யார் கவனிக்கப் போகிறார்கள்? பிசகினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

பத்தொன்பது வருஷம் அப்படி உட்கார்ந்தவருக்கு, நேரடி ஒலிப்பதிவின் கடைசிப் பாட்டில் எட்டு பார் தனியாக வாசிக்கக் கிடைத்தது. பாருக்கு நான்கு தாளத் தட்டு; மொத்தம் முப்பத்திரண்டு தட்டு, கால் நிமிஷம்கூட வராது. அந்த வாரம் பார்த்தா அவருடைய முன்பல் ஆட வேண்டும்? டிரம்பெட்டை அழுத்திப் பிடிக்கும் இடமே அதுதான். திங்கட்கிழமை பிடுங்கியாக வேண்டும், அதற்குப் பிறகு பழைய நாதம் வருமா என்பது சந்தேகம் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. அண்ணி மூன்றாம் வரிசையில் இருந்தார். வீட்டில் அண்ணன் ஓயாமல் முணுமுணுத்ததில் அந்த எட்டு பாரும் அவருக்கு மனப்பாடம்.

கடைசிப் பாட்டுக்குப் பதிவின் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரம்ஸ்காரர் கம்பித் துடைப்பத்தால் தோலை வருடினார். ஐந்து சாக்ஸபோன்களும் ஒரே மூச்சாக எழுந்து, அரங்கையே மெல்லத் தூக்கிக்கொண்டு போயின. டிரம்பெட்காரர்கள் எங்களுக்கு இருபத்துநான்கு பார் வேலையில்லை. ஆனால் விரல்விட்டு எண்ண வேண்டும். எங்கள் பிழைப்பில் பாதி அந்த எண்ணிக்கைதான். அண்ணனின் விரல் பத்தாவது பாரில் முழங்கால்மேல் நின்றுபோனது. கண் மூடியிருந்தது. பக்கத்திலிருந்த நானாவது இடித்திருக்கலாம். நான் மட்டும் என்ன, அதே மிதப்பில்தான் இருந்தேன்.

சாக்ஸபோன்கள் ஓய்ந்தன. யாரும் எழவில்லை. டிரம்ஸ் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, எந்திரிங்க! உங்க முறை!" அண்ணியின் குரல் அரங்கெங்கும் கேட்டது.

தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். இரண்டு பார் போயே போய்விட்டது. மிச்சம் ஆறை வாசித்தார் பாருங்கள், எனக்குப் பொறாமையே வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் பதிவைப் போட்டுக் கேட்டோம். அண்ணியின் குரல் உட்பட எல்லாம் அப்படியே விழுந்திருந்தது. அண்ணி முகத்தை மூடிக்கொண்டார். "ஐயையோ, மானம் போச்சு! இன்னொரு தடவை வாசிங்க. இதை விட்டா உங்களுக்கு வேற ஏது?"

"வாசிச்சுடலாம், எல்லாரும் இங்கதானே இருக்கோம்" என்றார் குழுத் தலைவர்.

அண்ணன் நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"பல்லு தாங்கும் சார். ஆனா வேணாம்" என்றார். அண்ணியிடம் திரும்பினார். "பத்தொன்பது வருஷமா எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். இன்னிக்குத்தான் பாட்டைக் கேட்டேன். நீ எழுப்பினது அதுல அப்படியே இருக்கட்டும்."