சீனி எவ்வளவு?

பிறவியிலேயே காது கேளாத கமருன்னிசாவுக்கு நாற்பது வயதில் பார்வையும் போனது. அதோடு வீட்டில் சைகைப் பேச்சு நின்றுவிட்டது.

"கை காட்டினா பார்க்கவா போறா?" என்பார் அவள் கணவர் காஜா மைதீன். மலேசியாவின் பாலிங் ஊரில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். வேளாவேளைக்குச் சோறு வந்தது, சீனி தூக்கலாகத் தேத்தண்ணி வந்தது, பேச்சுதான் வரவில்லை. அவராகக் கேட்டால் சீனி வேண்டாமென்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் வீம்பாக இரண்டு வருடம் அதையே குடித்தாள்.

ஒருநாள் காலை, கிளாஸை வைத்துவிட்டு நகர்ந்தவரின் மணிக்கட்டுகளை எட்டிப் பிடித்தாள். அவர் கைகளின் மேல் தன் கைகளைப் போர்த்தி உலுக்கினாள். பேசுங்க!

தயங்கித் தயங்கி அவர் விரல்கள் அசைந்தன: "என்ன வேணும்?" அத்தனையும் அவள் உள்ளங்கைக்குப் புரிந்தது.

கிளாஸைத் தள்ளிவிட்டு, கோபமாகக் கையசைத்தாள்:

"கடைக்கு வர்ற அத்தனை பேருகிட்டயும் 'சீனி போடவா, சீனியில்லாம கோசோங்கா'ன்னு கேக்குறீங்க. என்கிட்ட ஒரு நாளாவது கேட்டீங்களா?"