மூங்கில் தடுப்பில் நின்ற தாய்மாமன்

வாலாஜாபாத் ஏகாம்பரம் அண்ணன் காலமான செய்தியைக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் அவருடைய மகன்தான் எனக்குச் சொன்னான். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு சார்" என்றான். நேபாள எல்லையில், ஒரு குக்கிராமத்துச் சுங்கச்சாவடியில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். அந்த அத்துவானத்தில் தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான்.

சாவடி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் ஓட்டு அறை, பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், அவ்வளவுதான். அண்ணன் வைக்கும் ரசத்தைக் குடித்தும் நான் பிழைத்திருப்பது அதிசயம் என்று கேலி செய்வேன். "குடிச்சிட்டுப் பேசுபா" என்பார்.

அங்கே எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சகஜம். ஒருமுறை எல்லையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. தன் வீட்டுக்குத் திரும்புகிறவர்களை மட்டும் விடலாம். மறுநாளே கல்யாணக் கூட்டம் வந்து நின்றது. பெண் இந்தப் பக்கம், மாப்பிள்ளை அந்தப் பக்கம். முகூர்த்தம் தவறினால் சம்பந்தமே முறிந்துவிடும் என்று பெண்ணின் தகப்பன் அழுதான்.

அண்ணன் மூங்கிலைத் தூக்கவில்லை. "ரெண்டு பக்கமும் நின்னுக்கினே கண்ணாலம் பண்ணட்டும்பா" என்றார். பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நம் ஊர்ப் பக்கத்தில் தாய்மாமன் மணப்பெண்ணைத் தூக்கி வரும் வழக்கத்தை அரைகுறை இந்தியில் விளக்கினார். தகப்பன் தலையாட்டினான். அவளைக் குழந்தையைப் போலத் தூக்கி வந்து தடுப்பருகே இறக்கினார். மாலை மாற்றினார்கள். மாப்பிள்ளை இந்தப் பக்கம் கையை நீட்டி அவள் வகிட்டில் செந்தூரம் வைத்தான்.

அப்புறம்தான் அவர் மூங்கிலை உயர்த்தினார். நான் பதறிப்போனேன்.

"அண்ணே, உத்தரவு?"

"இப்போ அது அந்த வூட்டுப் பொண்ணு. தன் வூட்டுக்குப் போறத எவன்பா தடுப்பான்?"

மேலதிகாரி வந்து கத்தியபோதும் இதையேதான் சொன்னார். அன்று சாப்பிட உட்கார்ந்தவர், "கூடப் பொறந்தவ இல்லாதவன்பா நானு. எனக்கும் மாமன் முறை கெடச்சிடுச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவள் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் சாவடிக்குள் நுழைவாள்.

நேற்று வாலாஜாபாத்தில் உறவெல்லாம் கூடி அழுதது. மாமா என்று அழ ஒருத்தி குறைகிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த உறவைத்தான். சாவுச் செய்தியை நேரில் போய்ச் சொல்வதுதான் நம் வழக்கம். நாளை ரயிலேறுகிறேன்.