சைகோன் மீனுக்கு ஒரு துணை

என் சமையலறைச் சன்னலில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. வாய் அகலமானது, ஊறுகாய் போடத் தோதானது. ஆனால் அதில் நான் ஊறுகாய் போடுவதில்லை. வெறும் தண்ணீர்தான் இருக்கும். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, செடி ஏதாவது வைக்கப் போகிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். என் அண்ணி இதைப் பிரெஞ்சில் 'போக்கால்' என்பாள். சைகோனிலிருந்து மெட்ராஸ் வரை கப்பலிலும், அங்கிருந்து புதுச்சேரி வரை ரயிலிலும் இது அவள் மடியிலேயே உட்கார்ந்து வந்தது. அப்போது இதற்குள் நீளமான வாலை விசிறிக்கொண்டு ஒரு சிவப்புச் சண்டைமீன் இருந்தது.

அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தார். சைகோனைவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது அவரும் ஊர் திரும்பினார், அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். எங்கள் முத்தியால்பேட்டையில் அது யாரும் கேள்விப்படாத சங்கதி அல்ல. அடுத்த வீட்டில் நடந்திருந்தால் அம்மாவே போய் ஆற அமர வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருப்பாள். எங்கள் வீட்டில் நடந்ததால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஆரத்தி எடுக்கத் தவறவில்லை. தட்டைச் சுற்றும்போது மருமகளின் கையிலிருந்த பாட்டிலை எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, இதான் சீதனமா?" என்று என் காதில் கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணியும் கூடவே சிரித்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நாளிலேயே அண்ணனை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன், சன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிற ஆளைக் கூப்பிட்டு, இரும்புச் சட்டம் வைத்து ஒரு கண்ணாடித் தொட்டி செய்து கூடத்தில் வைத்தார். மனைவிக்கு அவர் விட்டுப்போன துணை அதுதான். அண்ணிக்கு அப்போது தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. நடுவில் நான், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பிரெஞ்சோடு. அண்ணி என்னை 'பெத்தீத்' என்று கூப்பிடுவாள். சின்னவளே என்று அர்த்தம். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகம் கிடையாது. ஆனாலும் அவள் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியான வேளையில் தெரு அடங்கிவிடும். அம்மா முந்தானையை விரித்துப் படுத்துவிடுவாள். அண்ணி தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவு பெரிய தொட்டியில் அந்த ஒரு மீன் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய், செய்ய ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும். தூக்கம் வராத நாட்களில் அம்மா புரண்டு படுத்து, "ஒண்டியா கெடக்குதே பொண்ணு" என்று பெருமூச்சு விடுவாள். அண்ணி முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் அந்த 'ஒண்டி'தான். ஒருநாள் மீனைக் காட்டி, "இது ஒண்டியா சாகக் கூடாது, பெத்தீத்" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து மீனுக்குத் துணை தேடுவது அவள் வேலையாயிற்று.

அது லேசான வேலை அல்ல. சண்டைமீனோடு அதன் இனத்தையே விடக்கூடாது, ஒன்றையொன்று கிழித்துப் போட்டுவிடும். வேறு இனம் என்றால் அதன் வாய் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும், வாயில் அடங்குகிற எதையும் மீன் விட்டுவைக்காது. வாலைக் கடிக்கிற புத்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் எந்த மட்டத்தில் இருக்கிற மீன் என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க அவளிடம் ஒரே ஒரு வழி இருந்தது. புது மீனை போக்காலில் போட்டு, தொட்டியை ஒட்டி வைத்துவிடுவாள். இரண்டும் கண்ணாடி வழியாக ஒன்றையொன்று பார்க்கட்டும் என்று விட்டுவிடுவாள். அவசரமே கிடையாது. பகை இருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும் என்பாள்.

ஊசுட்டேரிப் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மா அலுமினியக் குண்டானில் உயிர்மீன் கொண்டுவருவாள். அண்ணி அதற்குள் கைவிட்டுப் பொறுக்குவாள். கெண்டைக் குஞ்சு வந்தது, ஒரு நிமிடம் சும்மா இருக்காமல் சுற்றிச் சுற்றிச் சிவப்பு மீனுக்கு மூச்சு வாங்க வைத்தது. காசு மாதிரி வட்டமான ஒரு மஞ்சள் மீன் வந்தது, அது சிவப்பு வால் போகிற பக்கமெல்லாம் கண்ணாடியைக் கொத்திப் பார்த்தது. நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன் ஒன்று வந்தது. அதைக் கண்டதும் எங்கள் சிவப்பு ஐயா செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நின்றார். "மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கறீங்களா அண்ணி? எல்லாத்தையும் வேணான்னா எப்படி?" என்று நான் கிண்டல் செய்வேன். எனக்கும் அப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இவ்வளவு யோசித்துப் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் அமைந்தது அயிரை. அன்று குழம்புக்கென்று அம்மா அயிரை வாங்கி, உரசிக் கழுவ மண்சட்டியும் கல்லுப்புமாக உட்கார்ந்துவிட்டாள். அண்ணி ஓடிவந்து, "இருங்கம்மா" என்று சட்டியில் கைவிட்டு நாலைந்தை அள்ளிக்கொண்டு போனாள். "இன்னாத்துக்குடி அதுக்கு அயிரை?" என்று அம்மா என்னைக் கேட்டாள். போக்காலில் போட்டதும் அவை அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. தலைக்கு மேலே ஒரு சிவப்பு வால் ஆடுவதை ஏறிட்டும் பார்க்கவில்லை. சிவப்பு மீனும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, சண்டை போட அங்கே ஆள் இல்லை என்று கண்டு திரும்பிவிட்டது. பல நாள் பார்த்த பிறகு அண்ணி அவற்றைத் தொட்டிக்குள் விட்டாள். மேலே அது, கீழே இவை, ஒன்றின் வழிக்கு ஒன்று வரவில்லை. அன்று அவள் தன் பாஷையில் ஏதோ முனகிப் பாடிக்கொண்டே வீடு பெருக்கினாள். அவள் பாடி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "அயிரை கொழம்பு மீனுடி. அது ஒரு தொணையா?" என்பாள். அவள் கணக்கில் தொட்டியில் இருந்தது ஒரே மீன்தான். என்னைப் பெண் பார்க்க வருகிற நாள் வந்ததும் அந்த எண்ணம் அவளுக்குள் முற்றிவிட்டது. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் கூடத்தில் ஒண்டியாக ஒரு மீன் படலாமா? எல்லாம் ஜோடியாக இருக்க வேண்டாமா? என் கல்யாணமும் கூடி வரவேண்டும், மருமகளின் மனசும் குளிரவேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே நினைத்திருக்கிறாள். மீன்காரம்மாவிடம் சொல்லிவைத்து, "கம்பீரமா ஒண்ணு குடு" என்று கேட்டு வாங்கினாள். சாண் நீளத்தில் ஒரு விரால் குட்டி. உள்ளே அண்ணி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, சந்தோஷப்படட்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் தொட்டியில் அதை ஊற்றிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் கூடத்துக்கு வந்தோம். நான் தலையைக் குனிந்திருந்தாலும் தொட்டியைப் பார்த்துவிட்டேன். விரால் நடுவில் அசையாமல் நின்றிருந்தது. தண்ணீருக்கு மேலே சிவப்பாக ஒரு துணுக்கு மிதந்தது. அயிரைகளையும் காணோம். அண்ணி காப்பித் தட்டோடு ஒரு நொடி நின்றாள். பிறகு வந்து எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. காப்பியை எடுத்துக்கொண்டே மாப்பிள்ளையின் அத்தை தொட்டியைப் பார்த்து, "ஏம்மா, இவ்ளோ பெரிய தொட்டியில ஒத்தை வெரால வுட்டிருக்கீங்களே, ஒண்டியா இருக்குதே பாவம்" என்றாள். அம்மா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த இடம் எனக்கு அமைந்துவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீனைப் பற்றி அவர்கள் அப்புறம் நினைக்கவே இல்லை.

அவர்கள் போனதும் அம்மா அரிவாள்மனையை எடுத்து வந்தாள். "இத இன்னிக்கே கொழம்பு வெச்சிடறேன்" என்றாள். கோபத்தில் சொல்வதுபோல் இருந்தது, ஆனால் அண்ணி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. அண்ணி தொட்டியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "வேணாம்மா. அதுக்குப் பசி. அது தப்பு இல்லே" என்றாள். பிறகு கிணற்றடியில் போக்காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள்: "புதிதாக வருகிறதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஊற்றக் கூடாது, பெத்தீத். என்னை நேராகத்தான் ஊற்றினார்கள். நானும் யாரையும் கடிக்கவில்லை, என்னையும் யாரும் கடிக்கவில்லை. அவ்வளவுதான்." அதற்குப் பதில் சொல்லுகிற அளவுக்குப் பிரெஞ்சு எனக்குத் தெரியாது, தமிழிலும் தெரிந்திருக்காது. அழுகைதான் வந்தது. அவள் அழவில்லை.

அம்மா மன்னிப்புக் கேட்கிற ஜாதி அல்ல. ஆனால் மறுநாளிலிருந்து மார்க்கெட்டுக்குப் போனால் விராலுக்கென்று பொடி இறால் கொஞ்சம் தனியாக வாங்கி வந்தாள். அண்ணி ஒவ்வொன்றாகப் போடுவாள். அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். விராலோடு வேறு எதையும் விட முடியாது என்று அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. துணை தேடுகிற பேச்சு அதோடு நின்றது. போக்கால் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. நான் கல்யாணமாகிக் கடலூருக்குப் போய்விட்டேன்.

அறுபத்திரண்டில் அல்ஜீரியாவில் சண்டை முடிந்து அண்ணன் திரும்பி வந்தார். எங்கள் ஊரில் பலர் யோசித்த அதே யோசனையை அவரும் யோசித்து, பிரான்சுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார். வழியனுப்ப நான் வந்திருந்தேன். வாசலில் அண்ணி அம்மாவின் காலில் விழுந்து எழுந்தாள். அம்மா அவளிடம் பேசாமல் என் பக்கம் திரும்பினாள். "வெரால நான் பாத்துக்கறேன்னு சொல்லுடி. பட்டினி போடமாட்டேன்னு சொல்லு." நான் பிரெஞ்சில் தொடங்குவதற்குள் அண்ணி, "புரியுதும்மா" என்றாள். "அஞ்சாறு வருசமா புரியுதும்மா. நீங்க என்னப் பாத்துப் பேசினதில்லே, அவ்ளோதான்." அதில் குத்தல் கிடையாது, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் நேரமாகிறது என்று கூப்பிட்டுவிட்டார்.

அடுத்த முறை நான் பிறந்த வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். கூடத்தில் அம்மா தொட்டிக்கு முன்னால் தரையில், அண்ணி உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். விரால் பெரிதாகிவிட்டது, திரும்புவதற்கே இடம் போதவில்லை. தொட்டியை ஒட்டி போக்கால் இருந்தது. உள்ளே மீன் இல்லை, சுத்தமான தண்ணீர் மட்டும் நிரப்பியிருந்தாள். "இன்னாம்மா இது, வெறும் தண்ணிய வெச்சிருக்கே?" என்று கேட்டேன். "சும்மாதான். அதுக்கும் பாக்கறதுக்கு ஏதாச்சும் வேணும்ல" என்றாள். போக்காலைத் தொட்டியோடு இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்த நேரா பேசியிருக்கலாம்டி" என்றாள்.

விராலும் போய் அம்மாவும் போய் வெகுகாலம் ஆகிறது. அந்த வீட்டிலிருந்து நான் எடுத்துவந்தது இந்தப் போக்கால் ஒன்றைத்தான். அண்ணி திரும்பி வரவே இல்லை. குளிரடிக்கிற அந்த ஊரில் மறுபடியும் அவள்தான் புது ஆள். அங்கேயும் நேராகத்தான் ஊற்றியிருப்பார்கள். என் பிள்ளைகளும் இப்போது தூரதேசங்களில் இருக்கிறார்கள், என் வீட்டுக்காரரும் இல்லை. போன மாதம் ஒரு மீன் கடையில் சிவப்புச் சண்டைமீன் ஒன்றைப் பார்த்து நின்றேன். கடைக்காரர், "இது ஒண்டியாதான் இருக்கும்மா, கூட எதையும் போட்டுடாதீங்க" என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டு வாங்காமல் வந்துவிட்டேன். இன்று காலையும் போக்காலில் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் நிரப்பிச் சன்னலில் வைத்தேன். வைத்துவிட்டு நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.