தம்பையா அழுத்திய குண்டுகள்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற ரோட்டில் பிரிகிற ஒரு தோட்டத்தில் தம்பையா என்று ஒருவர் இருந்தார். முசிறிப் பக்கத்து ஆள். ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈயத்தகட்டை விரித்துப் பற்றவைப்பது அவர் வேலை. தகட்டில் ஒரு கசங்கல் கண்ணில் பட்டால் போதும், தின்கிற சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோய் அதைத் தேய்த்து நேராக்கிவிட்டு வருவார். இல்லாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

ஈயத்தோடு பழகிய கை என்றுதான் தோட்டத்துத் துரை தன் ரிவால்வர் தோட்டாக்களை அவரிடம் ஒப்படைத்தார். சீமைத் தோட்டா வந்து சேர மாதக்கணக்காகும். அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து மறுபடி நிரப்புவது வழக்கம். வெடிமருந்தைத் துரையே அளந்து போடுவார். பெட்டி ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, அதைக் கூட்டின் வாயில் வைத்து அழுத்துவது தம்பையா. மாதிரிக்கு ஒரு சீமைத் தோட்டாவைக் கொடுத்து, "உள்ளே ரொம்பப் போகவும் கூடாது, வெளியே நிக்கவும் கூடாது" என்று துரை சொல்லியிருந்தார். அந்த நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி வைத்துக்கொண்டார் தம்பையா. அவர் அழுத்திய தோட்டா ஒவ்வொன்றும் அதில் மயிரிழை பிசகாமல் உட்காரும். மாதிரித் தோட்டாவின் வாய் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. கப்பலில் அடிபட்டு வந்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டார். பழைய கூடுகளின் வாயிலும் அந்த மடிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். அதையெல்லாம் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிடுவார்.

ஒருநாள் காலையில் தேயிலை மலையில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் ஒரு காட்டுப்பன்றி விழுந்து சிக்கிக்கொண்டது. துரை ரிவால்வரோடு போனார். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் கந்தப்பன், தம்பையாவின் மனைவி பெரியாயியின் தம்பி. முதல் வெடி பன்றியின் தோளில் பட்டது, இரண்டாவது மண்ணில் போயிற்று. மூன்றாவதுக்கு விசையை இழுத்தால் தோட்டா அடுக்கிய உருளை சுற்றவே மாட்டேன் என்கிறது. அதற்குள் பன்றி கானைவிட்டு எகிறி, கந்தப்பனின் தொடையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டது.

திறந்து பார்த்தால், சுடாத நாலு தோட்டாவிலும் குண்டு வெளியே வந்து நிற்கிறது. ஒன்றின் மூக்கு உருளையைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருக்கிறது. பிறகு உருளை எங்கே சுற்றும்?

"நீ ஒழுங்கா அழுத்தலே" என்றார் துரை.

"அழுத்தினேங்க. நாலு தடவ சட்டத்துல வச்சுப் பாத்தேங்க."

"அப்போ யார் இழுத்தது?"

அதுதான் தம்பையாவுக்கும் புரியவில்லை. அந்த நாலையும் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் உட்காரவில்லை. ஒருவேளை சட்டம் சுருங்கிவிட்டதோ? இல்லை, சீமைத் தோட்டா அதில் சரியாகத்தான் உட்காருகிறது. தான் அழுத்தியதாக நினைத்ததுதான் கனவோ? பாவி மனுஷனுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. போன மாதம் ஒரு சேவலுக்காக மச்சானும் மச்சானும் அடித்துக்கொண்டது ஊருக்கே தெரியும். கணக்கப்பிள்ளை சண்முகராஜா, "இது வேணும்னே செஞ்ச வேல" என்று சொல்லிவிட்டார். நிஜமென்று தெரிந்தால் கணக்கை முடித்துப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவதாகத் துரை சொன்னார். பெரியாயி புருஷனுக்குச் சோறு போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. முனியாண்டி கல்லுக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினார் தம்பையா. "என் கையால ஒரு தப்பும் நடக்கல." அவள் கேட்டுவிட்டுத் தம்பியின் கட்டை மாற்றப் போய்விட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

துரை நியாயக்காரர். கணக்கப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பங்களா வராந்தாவில் தன் கண்முன்னே தம்பையாவை ஆறு தோட்டா செய்யவைத்தார். ஆறும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தன. தானே ரிவால்வரில் போட்டு, ஒரு காலிப் பெட்டியைப் பார்த்து இரண்டு வெடி வைத்தார். திறந்தார். மற்ற நாலிலும் குண்டு வெளியே வந்திருந்தது. யார் கையும் படவில்லை.

"வெடிக்கிற அதிர்ச்சியிலே மத்தது தானா வெளியே வருது" என்றார் துரை, தலையைச் சொறிந்துகொண்டு. "இது துப்பாக்கியோட கோளாறு. உன் மேலே தப்பு இல்லே, தம்பையா."

தம்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சண்முகராஜா செருமிக்கொண்டு, சேதி சொல்ல லயத்துக்கு நடந்தார். துரை சும்மா இராமல் மிச்சமிருந்த சீமைத் தோட்டாக்களை அதே துப்பாக்கியில் போட்டு இரண்டைச் சுட்டார். திறந்தால், மற்றது ஒன்றும் அசையவில்லை. அவருக்குக் குழப்பம் கூடிப்போயிற்று. எல்லாவற்றையும் கொட்டி மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

தம்பையா ஒரு சீமைத் தோட்டாவை எடுத்தார். வாய் கசங்கியிருந்தது. பழக்கத்தில் அதைத் தேய்க்கப் பெருவிரலைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். மேசைமேல் கிடந்த சீமைத் தோட்டா எல்லாமே ஒரே மாதிரி கசங்குமா? கூட்டின் வாய் சுற்றிவர மடங்கி, குண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். வாய் வழவழவென்று இருந்தது, குண்டைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை.

நேராக லயத்துக்குப் போனார். கந்தப்பன் தொடையில் கட்டோடு படுத்திருந்தான். சேதி அவருக்கு முன்னே வந்து சேர்ந்திருந்தது. பெரியாயி சிரித்த முகமாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், ஒங்கள சந்தேகப்பட்டது என் தப்பு. மனசுல வச்சுக்காதீங்க" என்றான் கந்தப்பன்.

"இல்ல மச்சான். நான்தான். தோட்டா வாய நான்தான் தேச்சுட்டேன்."

"விடுங்க மச்சான். தொரையே துப்பாக்கிக் கோளாறுன்னு சொல்லிட்டாரு."

"நான் சொல்றத ஒரு தடவ கேளு..."

"சத்தியமே பண்ணிட்டீங்க, இன்னும் என்னாத்துக்கு இந்தப் பேச்சு?" என்றாள் பெரியாயி. "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

மறுநாள் துரையிடம் சொன்னார். துரை கேட்டுக்கொண்டார், அதன்பிறகு வந்த தோட்டாக்களின் வாயைத் தம்பையாவே குறட்டால் மடக்கினார். லயம்தான் கடைசிவரை கேட்கவில்லை. கந்தப்பன் நொண்டி நொண்டி நடந்து வருவான். அந்திக்கு அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தம்பையா எண்ணெய் தேய்த்துவிடுவார். "இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கெடைப்பான்" என்று சொல்லிக்கொண்டு சனங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். தம்பையா தலையை நிமிர்த்தமாட்டார். தொடையில் அந்தத் தழும்பு சுருங்கி மடங்கிக் கிடந்தது, எவ்வளவு தேய்த்தாலும் அது நேராகவில்லை.