போனில் படித்து ஊசி பிடித்தேன்

கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மெடிக்கல் அசிஸ்டன்ட் கோர்ஸில் சேர்ந்தேன். மகள் அப்போது ஏழாவது படித்தாள். வீட்டுக்காரர் செல்லூரில் ஒரு பவர்லூம் பட்டறையில் மெக்கானிக். கோச்சடையில் மாமனாரோடு ஒரே வீட்டில் இருந்தோம்.

ப்ளஸ் டூவில் நான் பயாலஜி குரூப். நர்சிங் சேர ஆசைப்பட்டேன், மார்க் போதவில்லை. அடுத்த வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அந்த ஆசையை நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. கம்பெனியில், நீ சயின்ஸ் படித்தவள்தானே என்று சொல்லி முதலுதவிப் பெட்டியின் சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒருநாள் கட்டிங் மெஷினில் ஒரு பெண்ணுக்கு விரல் கிழிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவள் கையை உயர்த்திப் பிடித்து, சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கட்டுப்போட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போதே போனில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

கோர்ஸ் பெரும்பாலும் போனில்தான். பாடம் வீடியோவாக வரும், சின்னச் சின்னப் பரீட்சை வரும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோரிப்பாளையம் பக்கத்தில் இருந்த சென்டரில் நேரடி வகுப்பு. கடைசியில் ஏதாவது ஒரு கிளினிக்கில் மூன்று மாதம் வேலை பழக வேண்டும். அந்த கிளினிக்கை நாமே தேடிக்கொள்ள வேண்டும். சேரும்போது இந்தக் கடைசி வரியை நான் சரியாகப் படிக்கவில்லை.

வீட்டுக்காரர் தடுக்கவில்லை. சமாளிக்க முடியும் என்றால் படி என்றார். மாமனாருக்குத்தான் பிடிக்கவில்லை. வயல் வேலை பார்த்து உடம்பை இரும்பாக வைத்திருந்த மனிதர் அவர். நிலத்தை விற்ற பிறகும் காலையில் வைகைக் கரை வரைக்கும் நடந்துவிட்டு வருவார். மருமகள் கண்டவன் ரத்தத்தையும் மூத்திரத்தையும் தொடுவதா என்று மகனிடம் கேட்டார். என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் போனும் கையுமாக உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

அதனால் எனக்கு வகுப்பறை என்றால் அந்தக் கம்பெனி பஸ்தான். காலையில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். பழங்காநத்தம் தாண்டுவதற்குள் இதயத்தின் நான்கு அறைகளும் முடிந்திருக்கும். திருநகர் வரும்போது ரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே பாடம்தான். அப்போது அது மார்க்குக்காக. இப்போது பக்கத்தில் தூங்கிக்கொண்டு வருகிற பெண்ணின் கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்ப்பேன், அது நரம்பு இல்லை, தமனி என்று எனக்கு நானே திருத்திக்கொள்வேன். உடம்புக்குள் இம்புட்டு வேலை நடக்கிறதே, இது தெரியாமலா இத்தனை வருஷம் சோறு தின்றோம் என்று சிரிப்பாக வரும். இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்க மனசு இருக்காது.

முதல் ஞாயிறு வகுப்பில்தான் ஓர் அக்காவைப் பார்த்தேன். காஜிமார் தெருப் பக்கம் வீடு. அவர்கள் வீட்டில் குடையும் டிராவல் பேக்கும் விற்கிற கடை வைத்திருந்தார்கள். வகுப்பில் எல்லாரும் இருபது வயசுப் பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் மூத்தவர்கள். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். புர்கா முகத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "நம்ம ரெண்டு பேரும் ஜோடி, சரியா?" என்று கேட்டார்.

ஏன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டேன். அவருடைய அம்மாவுக்கு ஒருமுறை நெஞ்சு வலித்து ஒரு லேபுக்குக் கூட்டிப்போனார்களாம். நெஞ்சில் ஒயர் ஒட்டி இசிஜி எடுக்க ஆண் மட்டும்தான் இருந்திருக்கிறார். அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நல்லவேளை, அது வாயுப் பிடிப்பாகப் போய்விட்டது. ஆனால் எங்கள் தெருவில் இப்படி எழுந்து வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. "நான் இசிஜி கத்துக்கிறதுக்குத்தான் வந்தேன். மத்ததெல்லாம் சேர்த்துக் குடுக்குறாங்க, வாங்கிக்கிறேன்" என்றார்.

அந்த வகுப்பில் ஆளுக்கொரு ஸ்டெதாஸ்கோப்பும் பி.பி. மெஷினும் கொடுத்தார்கள். பழைய மாடல், கையால் பம்ப் அடித்துக் காற்று ஏற்றுவது. நேரம் ஆகிவிட்டது, வீட்டில் போய் வீடியோ பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீடியோவில் எல்லாம் சுலபமாக இருந்தது. பட்டையை மேல்கையில் சுற்ற வேண்டும், காற்றை ஏற்ற வேண்டும், மெதுவாக இறக்கிக்கொண்டே முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டும். டொக் டொக் என்று சத்தம் ஆரம்பிக்கிற இடம் மேல் அளவு, சத்தம் நிற்கிற இடம் கீழ் அளவு. என் மகள் கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கையில் வைத்தேன். அவர் கை மரத்துப்போனதுதான் மிச்சம். அக்காவுக்குப் போன் செய்தால், "எனக்கும் ஒண்ணுமே கேக்கலடி. எங்க வீட்டுல அத்தனை பேருக்கும் பாத்துட்டேன். கணக்குப்படி யாருக்கும் உசுரு இல்ல, எல்லாரும் மவுத்தாயிட்டாங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிவி சத்தம்கூட அமுங்கிப்போனது.

ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கலக்கம்தான். இரண்டு வாரம் இப்படியே போனது. காதில் ஏதோ கோளாறு, நம்மால் ஆகாது என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிக்குக் கொண்டுபோயிருந்த பி.பி. மெஷினை வெளியே எடுத்து, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு சும்மா விரலால் அதன் பெரிய வட்டத்தைத் தட்டினேன். சத்தமே இல்லை. மறுபக்கம் இருந்த சின்ன வட்டத்தைத் தட்டினேன். காது அதிர்ந்தது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்தத் தலைப்பகுதி திருகினால் சுற்றும். ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் அடைத்துக்கொள்ளும். நாங்கள் அடைத்த பக்கத்தையே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து வீடியோவில் யாரும் சொல்லவில்லை.

திருகிவிட்டு, பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துப் பட்டையைச் சுற்றினேன். காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தேன். தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி ஆரம்பித்தது. டொக். டொக். டொக். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பயந்துபோய், எனக்கு என்னக்கா ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, நீ உயிரோடதான் இருக்கிறாய் என்றேன். அப்படியே அக்காவுக்குப் போன் போட்டு, திருகுங்கள் என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும்.

அதற்கப்புறம் கையில் அகப்பட்டவர்களை எல்லாம் பிடித்து அளந்தேன். தெருவில் பால் ஊற்ற வருகிற அண்ணன், மாடி வீட்டு அம்மா, மகளின் டீச்சர். அளவை மட்டும் சொல்வேன். மருந்து மாத்திரை என்று யார் கேட்டாலும், எனக்குத் தெரியாது, டாக்டரைப் பாருங்கள் என்பேன். பாடத்தில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வீட்டில் மாமனார் மட்டும்தான் கையை நீட்டவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் மகள் தாத்தாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து எனக்கு நேராக நீட்டினாள். பேத்தியிடம் அவருக்கு மறுப்புச் சொல்ல வராது. பட்டையைச் சுற்றினேன். காற்றை ஏற்ற ஏற்ற ஓர் அளவில் சத்தம் அடங்க வேண்டும்; இவருக்கு மெஷின் முள்ளை எவ்வளவு மேலே ஏற்றினாலும் அடங்கவில்லை. இன்னும் ஏற்றினேன். நான்தான் ஏதோ தப்புச் செய்கிறேன் என்று நினைத்து, அவரைக் கொஞ்ச நேரம் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தேன். பிறகு அடுத்த கையிலும் பார்த்தேன். அதே அளவுதான். மிக அதிகம்.

"மாமா, டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்" என்றேன்.

"எனக்கு என்னத்தா? ஒரு தலவலிகூட இல்ல."

"இது வலிக்காது மாமா. அதான் பயமே."

இந்த வார்த்தையைச் சொன்னபோது என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

எங்கள் பகுதியில் ஒரு டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு நான் ஏற்கெனவே அங்கே ஒருமுறை போயிருந்தேன். போனில் படித்துவிட்டு வருகிறவர்களை நம்பி என் பேஷண்ட்டுகளை ஒப்படைக்க முடியாது என்று தன்மையாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அதே இடத்துக்கு இப்போது மாமனாரோடு போய் உட்கார்ந்தேன். எழுதி வைத்திருந்த மூன்று அளவுகளையும் டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் தன் மெஷினில் பார்த்தார். மாமனாரிடம் சில கேள்விகள் கேட்டார், மறுபடி பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. மாமனாருக்காகப் பாதி, என் அளவுக்காகப் பாதி.

"நீங்க எடுத்ததும் நான் எடுத்ததும் ஒண்ணுதான்" என்றார் டாக்டர். "முதல் தடவ இம்புட்டு வந்ததும் ஏன் கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் பாத்தீங்க?"

என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்தார். மாமனாருக்கு மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். கிளம்பும்போது, அடுத்த மாதம் முதல் சாயங்காலம் கிளினிக்குக்கு வா, ஆனால் நான் சொல்லும் வரைக்கும் ஊசியைத் தொடக் கூடாது என்றார். வெளியே வந்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மாமனார் கூட இருந்ததால் ஒழுங்காக நடந்து வந்தேன்.

சொன்ன மாதிரியே டாக்டர் ஊசியைத் தொட விடவில்லை. முதலில் டோக்கன் போடுவதும் எடை பார்ப்பதும்தான். பிறகு காய்ச்சல், பி.பி. பிறகு கட்டு மாற்றுவது. கம்பெனியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நேராக கிளினிக்குக்கு ஓடுவேன். வீட்டில் சாயங்கால அடுப்பை மாமனார்தான் பற்றவைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. டீக்கடையில் போய், என் மருமகள்தான் கண்டுபிடித்துச் சொன்னது என்று வேறு சொல்லியிருக்கிறார். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, பால்காரர் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் டாக்டர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை மேஜையில் நீட்டினார். "ரத்தம் எடு, பாப்போம்" என்றார். ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவிப் பார்த்தேன். வீடியோவில் சொல்லியிருந்தார்கள், கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்று. தோலுக்கு அடியில் சிரை, கிளினிக்கில் எல்லாரும் நரம்பு என்று சொல்வது, மெத்தென்று எழும்பி நின்றது. ஊசி உள்ளே போனதும், கருஞ்சிவப்பாக ரத்தம் குழாயில் ஏறியது. பட்டையை அவிழ்த்து, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினேன். டாக்டர் கையை மடக்கிக்கொண்டு, அடுத்த பேஷண்ட்டை வரச்சொல் என்றார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை நினைத்து நினைத்து வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன்.

செய்முறைப் பரீட்சை கோரிப்பாளையம் சென்டரிலேயே நடந்தது. வெளியிலிருந்து ஒரு வயதான டாக்டர் வந்திருந்தார். ஜோடியாக நின்று ஒருவருக்கொருவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். அக்கா என் கையில் ஒரே குத்தில் எடுத்துவிட்டார். என் முறை வந்தது. அவர் கையில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. வலது கை, இடது கை, இரண்டும் தேடினேன். பரீட்சை டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அக்கா மெதுவாக, "பயப்படாத. பொறுமையாத் தேடு, உள்ளதான் இருக்கு" என்றார்.

நான் பட்டையை அவிழ்த்துவிட்டேன். அவர் கையைக் கீழே தொங்கவிடச் சொல்லி, விரல்களை மூடித் திறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கட்டினேன். முழங்கை மடிப்பில் வெளிப்பக்கமாக, ஆழத்தில், லேசாக ஒன்று விரலைத் தள்ளியது. அங்கேயே குத்தினேன். ரத்தம் வந்தது. அக்கா வாய்க்குள் மாஷா அல்லா என்றது எனக்கு மட்டும்தான் கேட்டது. கிடைக்கவில்லை என்றதும் கண்டபடி குத்தாமல் ஏன் பட்டையை அவிழ்த்தாய் என்று டாக்டர் கேட்டார். பட்டை ரொம்ப நேரம் இருக்கக் கூடாது, கைக்கும் நல்லதில்லை, ரிப்போர்ட்டும் மாறிவிடும் என்றேன். சரி என்று தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அடுத்தது இசிஜி. அக்கா அதை எப்படிச் செய்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. படுக்கையில் படுத்திருந்த பெண்ணுக்கு முதலில் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, துணிக்கு அடியிலேயே கையை விட்டு விலா எலும்புகளை எண்ணி, ஒயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். காகிதத்தில் கோடுகள் சுத்தமாக ஓடின. வெளியே வந்து இரண்டு பேரும் கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக அக்காவுக்குத் தெரிந்த ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டோம். யாரோ அடிபட்ட ஆட்கள் என்று நினைத்து சப்ளையர் இரண்டு முட்டை கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

ரிசல்ட் போனுக்குத்தான் வந்தது. நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். பெயருக்கு எதிரே பாஸ் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, நம்பாமல் மூடி மறுபடி திறந்து பார்த்தேன். அக்காவும் பாஸ். அவருக்கு அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு லேபில் வேலை கிடைத்தது. எனக்கு டாக்டரம்மாவே, கம்பெனியை விட்டுவிட்டு முழு நேரமாக வருகிறாயா என்று கேட்டார். வாரேன் என்று சொல்ல நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

முதல் நாள் காலையில் கிளினிக்கில் நல்ல கூட்டம். ஒரு பெரியவர் கையை நீட்டிக்கொண்டே, இந்தப் பிள்ளைக்கு ரத்தம் எடுக்கத் தெரியுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. கேட்பது நியாயம்தான். பட்டையைக் கட்டி, விரல்களை மடக்கச் சொல்லி, என் விரலை வைத்தேன். நல்ல நரம்பு, பார்த்ததும் தெரிகிற நரம்பு. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ஆரம்பிக்கும்போது சொல்லும்மா என்றார்.

"எடுத்தாச்சுய்யா" என்றேன்.