பெட்டிக்குள் கேட்ட இரண்டு தட்டு

கல்லூரிக் கூடைப்பந்து அரங்கத்தில் ஸ்கோர் பலகைக்குப் பின்னால் பேய் குடியிருக்கிறது என்று ஊரில் பேச்சு. விசாரித்தால், பேய்க்கு மாதச் சம்பளமும் முதுகுவலியும் மனைவியும் உண்டு. பலகையில் எண் தகடு மாற்றுவது வேலை. பெயர் பெட்டிக்காரர்.

அரங்கம் மண் தரையாகப் பிறந்து, சிமெண்டாகி, மரத்தளமாக உயர்ந்தது. கூரை மூன்று முறை மாறியது. மாறாதது அவருடைய பெட்டி மட்டும்தான். நாலடிக்கு ஆறடி, ஜன்னல் கிடையாது. ஒருமுறை கதவு தானாகத் திறந்து எண் தகடுகள் சரிந்ததால் தாழ்ப்பாளை வெளியே வைத்துவிட்டார்கள். ஆட்டத்தை அவர் காதால்தான் பார்த்தார். பக்கத்து மேசையில் புள்ளி எழுதுபவர், புள்ளிக்கு ஒன்றாக, நம் கல்லூரிக்குப் பெட்டியின் மரத்தில் தட்டுவார், எதிரணிக்கு இரும்புக் குழாயில்.

கல்லூரி கோப்பை வென்ற அந்த ஒரே இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் மரத்தில் இரண்டு தட்டு கேட்டது. இரண்டு புள்ளியை ஏற்றினார். பெட்டிக் கதவைத் தட்டியது அவர் மனைவி. வீட்டுச் சாவி கேட்டு வந்திருந்தாள். வெற்றி ஒரு புள்ளியில். கூட்டம் தளத்தில் குதித்து ஆடியதைப் பார்த்த புள்ளி எழுதுபவர், உயிருக்குப் பயந்து தாளைப் பலகைக்குத் தக்கபடி திருத்தினார்.

"ஒரு தட்டோட நிறுத்தியிருந்தா சமமா நின்னிருக்கும்டி."

"சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருந்தா தட்டியே இருக்க மாட்டேனே!"

புள்ளி எழுதியவர் இப்போது அலுவலக மேலாளர். மின்பலகை வந்த பிறகும் பெட்டிக்காரருக்கு விடுதலை இல்லை. நூலகத்துக்கு மாற்றல் கேட்டு ஒன்பது மனு போட்டார்.

"கரண்டு போனா பலகைக்கு யாரு இருக்கா?"

"கடைசியா கரண்டு போயி ஏழு வருஷம் ஆச்சு சார்."

"இனிமே போகாதுன்னு எழுதித் தர்றியா?"

அரங்கத்தின் பொன்விழா வந்தது. சிறப்பு விருந்தினர், அன்று தோற்ற அணியின் கேப்டன். "வாயத் திறக்காம இரு, சாயந்திரமே மாற்றல் ஆர்டர் கையில" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார் மேலாளர்.

சுற்றிப்பார்க்க வந்த கேப்டன் பெட்டியருகே நின்றார். "உள்ள இருக்கறது யாருங்க? அன்னைக்கும் நீங்கதானா?"

"ஆமாங்க."

"நாங்க ஒரு புள்ளி முன்னாலதானே இருந்தோம்? எப்படித் தோத்தோம்?"

நாலடிக்கு ஆறடியில் பெட்டிக்காரருக்கு ஓடி ஒளிய இடமில்லை. வெளியே மேலாளரின் செருமல் கேட்டது.

"ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்று கேப்டன் தொலைபேசி எண்ணை எழுதித் தகட்டு இடுக்கில் செருகிவிட்டுப் போனார்.

மாற்றல் கிடைத்தது. நூலகத்தில் ஆறு ஜன்னல். தினமும் அந்த எண்ணைப் போடுகிறார். மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறார். கேப்டனுக்குப் பதில் இன்னும் பாக்கி.